காசி, கயை, சாரநாத், லும்பினி, காட்மாண்டு: சேலத்திலிருந்து ஒரே பயணமாகச் செல்லலாமா?

அஸ்தம்பட்டி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை மாதத்தில் என் பெற்றோரை வடக்கே அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அப்பா தம் தாய் தந்தைக்குக் கயையில் பிண்டம் போட வேண்டும், காசியில் கங்கைக் குளியலும் விசுவநாதர் தரிசனமும் கிடைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் வேண்டுதல். அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு தலைவாசல் பக்கம் தியாகனூர் புத்தரைப் பார்த்து வந்ததிலிருந்து, அவர் மனம் சாரநாத், புத்தகயை, குசிநகரம், லும்பினி என்று அந்தத் திசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. லும்பினி வரை போகிறவர்கள் காட்மாண்டைப் பார்க்காமல் திரும்புவானேன் என்று நானும் என் பங்குக்குத் தூபம் போட்டு வைத்திருக்கிறேன்.

நகரில் நான் விசாரித்த பயண ஏற்பாட்டாளர்கள் காசி–கயை யாத்திரை என்று ஒன்றும் பௌத்தத் தலங்கள் என்று மற்றொன்றும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கலந்து கேட்டால், அப்படி யாரும் போவதில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் காசியிலிருந்து சாரநாத் 10 கி.மீ. தொலைவுதான், கயையும் புத்தகயையும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இவற்றைப் பிரித்து இரண்டு முறை போவதில் பொருள் இருக்கிறதா? பெற்றோர் இருவரும் எழுபதை நெருங்குகிறார்கள் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை அன்பர் எழுதியது:

ஐயா, உங்கள் ஆவல் புரிகிறது. ஆனால் பிரித்துச் செல்வதே முறை என்பது என் கருத்து. காசி–கயை என்பது பார்க்கப் போகும் ஊர்களின் பட்டியல் இல்லை. அது ஒரு கடன். சங்கல்பம் செய்துகொண்டு போகிறோம். கர்மம் முடியும் வரை உணவிலும் நடத்தையிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கயையில் பல்குனி நதிக்கரை, விஷ்ணு பாதம், அட்சய வடம் என்று ஒவ்வோர் இடத்திலும் பிண்டம் வைத்து முடிக்கும்போது பிற்பகல் ஆகிவிடும். பெரியவர்கள் களைத்துப் போயிருப்பார்கள். அந்த நிலையில் அவர்களை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கு ஓட்டுவது நியாயமா?

காசியையும் அரை நாளில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. 1813 முதல் இயங்கிவரும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் நாள்தோறும் ‘சம்போ, சம்போ’ என்ற முழக்கத்தோடு தெருவழியே போகின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த வரிசைக்குப் பின்னால் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஊரில் இருக்கிறோம் என்ற எண்ணமே அவர்கள் முகத்தில் இராது. கேதார் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய மடமும் கேதாரீசுவரர் கோயிலும் இருக்கின்றன. அனுமான் படித்துறைப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டே காய்கறி வாங்கலாம். பாரதியார் இளமையில் வாழ்ந்ததும் அந்தப் பகுதியில்தான். இப்போதைய விசுவநாதர் கோயிலையும் கயையின் விஷ்ணு பாதக் கோயிலையும் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் இந்தூர் அரசி அகல்யாபாய் ஓல்கர். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தால் கங்கையிலிருந்தே நேராகக் கோயிலுக்கு ஏறி வர முடிகிறது. முதியவர்களுக்கு அது வசதிதான். பழைய சந்துகளின் களை போய்விட்டது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

முதலில் கடனை முடியுங்கள். மற்றதை மறுமுறை பார்த்துக்கொள்ளலாம்.

தலைவாசல் தம்மநேசன் எழுதியது:

செவ்வாய்ப்பேட்டை அன்பர் சொல்லும் முடிவை நானும் ஏற்கிறேன், ஆனால் என் காரணம் நேர் எதிரானது. கலந்து போகும் பயணங்களில் எப்போதும் குறைக்கப்படுவது பௌத்தத் தலங்களுக்கான நேரம்தான். சில ஆண்டுகளுக்கு முன் நானும் உறவினர்களும் ஓர் ஏற்பாட்டாளரை நம்பிச் சென்றோம். சாரநாத்துக்கு எங்களை வெள்ளிக்கிழமை மாலையில் கொண்டுபோய் இறக்கினார். வெள்ளிக்கிழமை அங்கே அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அசோகரின் நான்முகச் சிங்கத் தூண் தலைப்பு, நம் நாட்டின் சின்னமாக ஒவ்வொரு ரூபாய் நாணயத்திலும் இருக்கிறதே, அது அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பட்டுப் புடவைக் கடைக்குப் போனோம். புடவைக் கடையில் மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

சாரநாத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அங்கே இருப்பவற்றைப் போலவே இல்லாதவையும் முக்கியம் என்பதுதான். தாமேக் தூபியின் கீழ்ப்பட்டையில் குப்தர் காலத்துக் கொடிவேலைப்பாட்டைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கத்தில் வேலை முழுமையாகவும் வேறு பக்கத்தில் சிதைந்தும் இருக்கும். அதன் அருகே தர்மராசிகத் தூபி என்று வட்டமான அடித்தளம் மட்டும் தெரியும். 1794-இல் காசி அரசின் திவானான ஜகத் சிங்கின் ஆட்கள் சந்தை கட்டச் செங்கல் வேண்டும் என்று அந்தத் தூபியைப் பிரித்தார்கள். உள்ளே கிடைத்த பேழையிலிருந்த எலும்புத் துணுக்குகளைக் கங்கையில் விட்டார்கள். காசியில் கங்கைக்கரையில் நிற்கிறவருக்கு இந்தச் செய்தியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பயணங்களில் வழிகாட்டிகள் ‘புத்தரும் விஷ்ணுவின் அவதாரம்தான், ஆகவே எல்லாம் ஒன்றுதான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது தம்முடன் வந்தவர்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது. உங்கள் அப்பா எந்த மனத்தோடு போகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போதிமரத்தடியில் அவர் அருகில் அமரப்போகிற பலர் இந்த உறுதிமொழியை எடுத்தவர்கள்.

ஏற்காட்டு ஆசிரியை எழுதியது:

இரண்டு பெரியவர்களும் எதிரெதிர் வாயில் வழியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நான் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. பயணத்தைச் சமயத்தை வைத்துப் பிரிப்பது ஏற்பாட்டாளரின் விளம்பரத் தாளுக்கு வசதி. தலங்கள் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. இதைக் காட்மாண்டில் கண்ணால் பார்க்கலாம் என்பதால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

காட்மாண்டின் மேற்கில் குன்றின்மேல் இருக்கிறது சுயம்புநாதத் தூபி. நான்கு திசையும் நோக்கும் புத்தரின் கண்கள் வரைந்த அந்தத் தூபியைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் கூட்டம் நெருக்கியடிப்பது தூபிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய அடுக்குக் கூரைக் கோயிலில். அங்கே இருப்பவள் ஹாரிதி. குழந்தைகளைக் காப்பவள், அம்மை நோய்க்கு உரியவள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டில் அரிசியும் பூவும் முட்டையுமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பௌத்தர் யார், இந்து யார் என்று கேட்டால் கேட்டவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் நின்று பழகிய நம் சேலத்துப் பெண்களுக்கு அந்த வரிசையில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. உங்கள் அம்மா நேராகப் போய் நின்றுகொள்வார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரண்மனைச் சதுக்கத்தில் உள்ள குமாரி இல்லத்துக்குப் போனால் வியப்பு இன்னும் கூடும். தலேஜு என்னும் இந்து தேவியின் உயிருள்ள வடிவமாக வழிபடப்படும் அந்தச் சிறுமி, சாக்கியர் என்ற பௌத்தக் குலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறாள். மன்னராட்சி இருந்தவரை நேபாள மன்னர்கள் ஆண்டுதோறும் அவள்முன் தலைதாழ்த்தித் திலகம் பெற்றார்கள். இப்போது குடியரசுத் தலைவர் பெறுகிறார். உள்முற்றத்தில் நின்றால் மேல்மாடிச் சன்னலில் சில நொடிகள் அவள் முகம் தெரியும். அப்போது படம் எடுக்கக் கூடாது. ஒரு குழந்தையை இப்படி வைத்திருப்பது சரியா என்ற கேள்வி எனக்கு அங்கே எழுந்தது, இன்னும் தீரவில்லை. அது வேறு விவாதம்.

காட்மாண்டை அடுத்த பாட்டன் என்னும் ஊரில் ஆண்டுதோறும் மழை வேண்டி மரமும் பிரம்பும் கட்டிய உயரமான தேரில் ஒரு தெய்வத்தை இழுக்கிறார்கள். பௌத்தர்களுக்கு அவர் அவலோகிதேசுவரர், இந்துக்களுக்கு மச்சேந்திரநாதர். தேரும் ஒன்று, வடமும் ஒன்று. அந்தப் பள்ளத்தாக்கின் நேவார் மக்களிடையே ஒரு குடும்பம் எந்த மார்க்கம் என்பதைக் கும்பிடும் தெய்வத்தைக் கொண்டு சொல்வது கடினம். வீட்டுச் சடங்குக்குப் பிராமணரை அழைக்கிறார்களா பௌத்தப் பூசகரான வஜ்ராசாரியரை அழைக்கிறார்களா என்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

நேபாள மலைப்பகுதியில் உள்ள முக்திநாத்தையும் விட்டுவிட முடியாது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் அத்தலத்தைத் திபெத்தியப் பௌத்தர்களும் தங்கள் புனிதத் தலமாகவே கொள்கிறார்கள். கோயிலுக்குப் பின்புறம் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள் விழுகின்றன. பக்கத்தில் பாறை இடுக்கில் இயற்கை வாயுவால் எரியும் சுடரைப் பௌத்தத் துறவினிகள் பராமரிக்கிறார்கள். காட்மாண்டுப் பசுபதிநாதர் கோயிலில் பூசை செய்யும் பட்டர்கள் கருநாடகத்திலிருந்து போனவர்கள். இத்தனையையும் பார்த்த பிறகு ‘இது இந்துப் பயணம், அது பௌத்தப் பயணம்’ என்று எப்படிப் பிரிப்பது? ஊரை ஊராகப் பாருங்கள். அங்கே யார் எப்படி வழிபடுகிறார்களோ அதை அப்படியே பாருங்கள்.

குகைவாசி எழுதியது:

ஆசிரியை அம்மா அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் கலந்து கிடப்பதெல்லாம் இணக்கத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால் நம் ஊர்ப் பெரியேரியே எதிர்ச்சாட்சி சொல்லும். நான் சேலம் குகைப் பகுதியில் குடியிருப்பவன். கோட்டை சாலைப் பக்கம் அடிக்கடி போகிறவன். தலைவெட்டி முனியப்பன் கோயிலை அறியாத சேலத்துக்காரர் குறைவு. அச்சிலை புத்தருடையது என்று 2011-இல் வழக்குத் தொடரப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி தொல்லியல் துறை நிபுணர் குழு நேரில் ஆய்ந்தது. அர்த்த பத்மாசனத்தில் தாமரைப் பீடத்தின்மேல் அமர்ந்த கோலம், மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, நீண்ட காதுமடல், நெற்றியில் ஊர்ணம் என்னும் பொட்டுப் போன்ற குறி என்று அக்குழு அடையாளங்களைப் பதிவு செய்தது. துண்டிக்கப்பட்ட தலையைப் பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு உடலில் ஒட்டியிருந்ததையும் குறிப்பிட்டது. 2022 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதைத் தொடர்ந்து முனியப்பனாகக் கருதுவது சரியன்று என்றும் இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். மக்கள் வந்து பார்க்கலாம். பூசையோ சடங்கோ நடத்தக் கூடாது.

ஆக, காட்மாண்டில் ஹாரிதிக்கு முன் இருவரும் நிற்கிறார்கள் என்பதும், பெரியேரியில் புத்தருக்குத் தலை போய், பெயரும் போய், காவல் தெய்வமாகி நின்றார் என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் இரு தரப்பும் உயிரோடு இருக்கின்றன. இரண்டாவதில் ஒரு தரப்பு ஊரைவிட்டே மறைந்துவிட்டது. கலப்பைப் பார்த்து மகிழும் முன் இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செவ்வாய்ப்பேட்டை அன்பர் எழுதியது:

குகைவாசி சொன்ன தீர்ப்பை நானும் படித்தேன். சிலை புத்தர் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு மொட்டை போட்டதும், வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் வைத்ததும், வெளியூர் போகும் முன் கற்பூரம் ஏற்றியதும் அந்தச் சிலைக்கு முன்னால்தான் என்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்கள் யாருடைய தலையையும் வெட்டியவர்கள் இல்லை. தலையில்லாமல் கிடந்ததையும் தெய்வம் என்று எடுத்துக் கும்பிட்டவர்கள். அவர்களையும் ஒரு சொல்லால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஆசிரியை அம்மா சொன்னதில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. கயையின் பழைய சிராத்த முறையில் தர்மாரண்யமும் போதிமரமும் பிண்டம் வைக்கும் இடங்களாகச் சேர்ந்தவையே. விரிவாகக் கயா சிராத்தம் செய்கிறவர்கள் இன்றும் புத்தகயைக்குப் போகிறார்கள். எனவே கயைக்கும் புத்தகயைக்கும் நடுவே நான் கோடு போட்டால் என் சாத்திரமே அதை ஒப்பாது. கர்மம் முடிந்த மறுநாள் ஓய்வெடுத்துவிட்டுப் புத்தகயைக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை.

தலைவாசல் தம்மநேசன் எழுதியது:

அன்பர் ஐயா இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. நானும் சில அடி வருகிறேன்.

புத்தகயையில் இணக்கமும் வழக்கும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக அவ்விடம் மகந்துகள் எனப்படும் சைவ மடத் தலைவர்களின் கையில் இருந்தது. இலங்கையின் அநகாரிக தர்மபாலர் 1891-இல் மகாபோதி சங்கத்தைத் தொடங்கி அதை மீட்கப் போராடினார். நம் அயோத்திதாசப் பண்டிதரோடு அவருக்குத் தொடர்பு இருந்ததைத் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் இந்துக்கள் நால்வர், பௌத்தர்கள் நால்வர். மாவட்ட ஆட்சியர் தலைவர். அந்தச் சட்டத்தை நீக்கி நிர்வாகத்தை முழுமையாகப் பௌத்தர்களிடம் தர வேண்டும் என்று 2025-இல்கூடப் பிக்குகள் அங்கே உண்ணாநிலை இருந்தார்கள். உங்கள் அப்பா 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கோயிலின் அழகை மட்டும் பார்க்காமல் இதையும் அறிந்து போகட்டும். அலைபேசியை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அது ஒரு நல்ல விதி. மரத்தடியில் திபெத்தியர் தரையில் விழுந்து வணங்கிக்கொண்டிருப்பார்கள், தாய்லாந்துக்காரர் பாலியில் ஓதிக்கொண்டிருப்பார்கள், மராட்டியத்திலிருந்து வந்தவர்கள் வெள்ளுடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவே ஓர் ஓரத்தில் ஒரு மணி நேரம் சும்மா இருப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சிலைமேல் குங்குமம் வைப்பது, மரத்தில் கயிறு கட்டுவது, இலை பறிப்பது வேண்டாம். தானாக உதிர்ந்த இலையை எடுத்துக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை.

நேரம் இருந்தால் நாளந்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் காஞ்சியிலிருந்து போன தர்மபாலர் அங்கே தலைமை ஆசிரியராக இருந்தவர் (மேலே சொன்ன இலங்கைக்காரர் வேறு, இவர் 6-ஆம் நூற்றாண்டினர்). இதையெல்லாம் வடநாட்டுச் செய்தியாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி எங்கள் பக்கம் வாருங்கள், இம்முறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு. தியாகனூரில் இரண்டு புத்தர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உட்கார்ந்த நிலையிலேயே ஆளுயரத்தை மிஞ்சும் உருவம். ஊர்க்காரர்கள் விளக்கேற்றி வணங்குகிறார்கள், யாரும் பெயரை மாற்றவில்லை. அங்கிருந்து வசிஷ்ட நதிக்கரையில் உள்ள ஆறகளூர் பக்கம்தான். அங்கே காமநாதீசுவரர் கோயிலில் எட்டுப் பைரவர்களும், அதே ஊரில் ஒரு புத்தர் சிலையும் உண்டு. இருவர் விருப்பமும் ஒரே காலையில் நிறைவேறும்.

அஸ்தம்பட்டி வாசகர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இழையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்; ஜகத் சிங் செய்தியைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அம்மா ஹாரிதியைப் பற்றித்தான் மேலும் மேலும் கேட்கிறார். சேர்த்தே போவது என்று முடிவாகிவிட்டது. முக்திநாத்தையும் சேர்க்கலாமா, காலம் எது ஏற்றது, ஆவணங்கள் என்ன வேண்டும் என்பவற்றைச் சொன்னால் முன்பதிவைத் தொடங்கிவிடுவேன். மலை எங்களுக்குப் புதிதில்லை. ஆண்டுதோறும் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அம்மா ஏறிவிடுகிறார்.

ஏற்காட்டு ஆசிரியை எழுதியது:

சேர்வராயன் கோயிலை வைத்து முக்திநாத்தை அளக்காதீர்கள். நம் மலையின் உச்சியே 1,623 மீட்டர்தான், அதுவும் கோயில் வரை வண்டி போகிறது. முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றே மெலிதாக இருக்கும். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. பொகாராவிலிருந்து, முக்திநாத்துக்கு அருகிலுள்ள ஜோம்சோம் செல்லும் சிறு விமானங்கள் காற்று எழும் முன் காலையில் மட்டுமே பறக்கும். வானிலை கெட்டால் அதுவும் இல்லை. ஆகவே கையில் உபரி நாள்கள் இல்லாதவர்களுக்கு அந்தத் தலம் வாய்க்காது. கார்த்திகைப் பிற்பகுதியில் குளிரும் கடுமையாகிவிடும். இந்த முறை அதை விட்டுவிடுங்கள். பின்னொரு பங்குனி, சித்திரையில் அதற்கென்றே போகலாம். நம் அறநிலையத்துறை முக்திநாத் சென்று வருவோருக்கு மானியமும் வழங்குகிறது, அதன் விதிகளைச் சேலம் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, தீபாவளியை ஒட்டிப் போக ஆசை வரும், ஏனென்றால் காசி அன்னபூரணியின் பொன் திருமேனியை அந்தச் சில நாள்களில்தான் தரிசிக்க முடியும். ஆனால் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகாரில் சட் பூசை. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அம்மாநில மக்கள் ஊர் திரும்பும் அந்த வாரத்தில் கயைப் பக்கம் போகும் ரயில்களில் பெரியவர்களோடு ஏறுவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கார்த்திகைப் பௌர்ணமியன்று காசிப் படித்துறைகள் முழுவதும் விளக்கேற்றுவார்கள். பார்க்க வேண்டிய காட்சி, தங்க இடம் கிடைக்காத காட்சியும்கூட. அது கழிந்து இரண்டு மூன்று நாள் விட்டுப் போய்ச் சேருங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும்.

வழி இப்படி அமையலாம். சென்னையிலிருந்து கங்கா காவேரி விரைவு வண்டியிலோ விமானத்திலோ காசி. அங்கே நான்கு இரவாவது தங்கி, அதற்குள் சாரநாத்துக்கு ஒரு முழு நாள். பிறகு கயை, ஓய்வு, புத்தகயை. நாளந்தா, ராசகிருகத்தை அப்பாவின் உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கிருந்து கோரக்பூர், அதைத் தளமாக வைத்துக் குசிநகரத்தில் 6 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தரைப் பார்த்துவிட்டு, சுனௌலி எல்லை வழியாக லும்பினி. லும்பினியில் அவசரப்படாதீர்கள். மாயாதேவி கோயிலுக்கு அருகே அசோகர் நட்ட தூண் நிற்கிறது; புத்தர் பிறந்த ஊர் என்பதால் வரியை நீக்கி விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு போதும் என்று குறைத்ததை அவரே அதில் பொறித்திருக்கிறார். வங்கியிலோ வருவாய்த்துறையிலோ வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கல்வெட்டின்மேல் தனிப் பிரியம் வரும். சுற்றிலும் பல நாட்டு விகாரங்கள் பரந்து கிடப்பதால் மின் ரிக்‌ஷா வைத்துக்கொள்வது நல்லது.

லும்பினியிலிருந்து காட்மாண்டுக்குச் சாலையில் போனால் ஒரு பகல் முழுவதும் உலுக்கி எடுத்துவிடும். லும்பினிக்கு அருகிலுள்ள பைரஹவாவிலிருந்து விமானத்தில் போய்விடுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட காட்மாண்டுப் பக்கத்துப் பழைய நகரங்களில் பக்தபூருக்கு முதலிடம் கொடுங்கள், முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். 1702-இல் பூபதீந்திர மல்லன் எழுப்பிய ஐந்தடுக்கு நியாதபோலக் கோயில் 1934, 2015 ஆகிய இரு பெரும் நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. தெருக்களில் குயவர்கள் சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். காட்மாண்டு அரண்மனைச் சதுக்கத்தின் காஷ்டமண்டபம் 2015-இல் அடியோடு விழுந்து, மரபு முறைப்படியே மரத்தால் மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. நுழைவுச் சீட்டுகளில் இந்தியர்களுக்குச் சார்க் நாட்டவருக்கான குறைந்த கட்டணம் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி எல்லைக்குப் போகாதீர்கள். நம் 1 ரூபாய்க்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம், அதற்குக் குறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குகைவாசி எழுதியது:

ஒரு சேர்க்கை. திரும்பும் வழியில் விமானம் வேண்டாம் என்றால், காட்மாண்டை முதலில் வைத்து வழியைத் தலைகீழாக்கிக் கோரக்பூரில் முடித்துக்கொள்ளலாம். கோரக்பூரிலிருந்து வரும் ராப்திசாகர் விரைவு வண்டி சேலம் வழியாகவே எர்ணாகுளம் பக்கம் போகிறது. ஏறத்தாழ இரண்டு நாள் இரவும் பகலும் உட்கார வேண்டும், வாரத்தில் சில நாள்களே ஓடுகிறது. ஆனால் மூட்டை முடிச்சோடு சென்னையில் வண்டி மாறும் அலைச்சல் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை அன்பர் எழுதியது:

வழியைத் தலைகீழாக்க வேண்டாம். கயைக் கடன் முதலில் முடியட்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காசியில் சத்திரத்தில் தங்குவதென்றால் இப்போதே கடிதம் எழுதி இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில் நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது. கயையில் தமிழ் தெரிந்த புரோகிதரைச் சத்திரத்திலேயே விசாரித்துத் தட்சிணையை முன்கூட்டிப் பேசி முடித்துவிடுங்கள். தாத்தா பாட்டி மட்டுமின்றி அவர்களுக்கு மேல் இரண்டு தலைமுறைப் பெயர்களும் கோத்திரமும் தேவைப்படும். அப்பாவைக் கேட்டு இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.